500-க்கும் 501-க்கும் நடுவே: மின் கட்டணத்தை வைத்துச் சார்பு பழகுவோம்

தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 10-ஆம் தேதிக்கு முன்பு இருந்த கட்டணப்படி, ஒரு வீட்டில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடினால் 1130 ரூபாய் கட்ட வேண்டும். 501 யூனிட் ஓடினால் 1786 ரூபாய் 60 காசு. அந்த ஒரு யூனிட் என்பது 75 வாட் மின்விசிறி ஒன்று பதின்மூன்று மணி நேரம் சுற்றும் அளவுதான். அதற்கு 656 ரூபாய் 60 காசு.

மாலையில் என்னிடம் கணக்குப் படிக்க வரும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு எண்களையும் பலகையில் எழுதிப் போட்டால், முதலில் வரும் பதில் "கணக்கு தப்பு சார்" என்பதுதான். போட்டுப் பார்க்கச் சொல்வேன். அரை மணி நேரம் கழித்து, தப்பில்லை என்று அவர்களே சொல்வார்கள். மறுநாள் இரண்டு பேராவது வீட்டு மின் அட்டையைப் பையில் கொண்டுவந்திருப்பார்கள். சார்பு என்ற பாடம் அன்றைக்குத்தான் அவர்களுக்குள் இறங்குகிறது. பள்ளியில் அதைப் படிக்காதவர்களுக்கும், படித்து மறந்தவர்களுக்கும் அதே வழியில் சொல்லிப் பார்க்கிறேன். பேனா, ஒரு நோட்டு, முடிந்தால் ஒரு கிராஃப் தாள் எடுத்துக்கொள்ளுங்கள்.

சொல்லிலேயே பொருள் இருக்கிறது

சார்பு என்றால் ஒன்று இன்னொன்றைச் சார்ந்திருப்பது. கட்டணம் யூனிட்டைச் சார்ந்திருக்கிறது. ஆட்டோ வாடகை தூரத்தைச் சார்ந்திருக்கிறது. இப்படிச் சார்ந்திருப்பதைக் கணிதத்தில் சார்பு என்று சொல்ல ஒரு நிபந்தனை உண்டு: உள்ளே எதைக் கொடுத்தாலும் விடை ஒன்று வர வேண்டும், அதுவும் ஒன்றே ஒன்றுதான் வர வேண்டும். 350 யூனிட்டுக்கு ஒரே வகை இணைப்பில், ஒரே காலத்தில், இரண்டு தொகை இருக்க முடியாது. இருந்தால் சண்டை வரும்.

திருப்பிப் பார்த்தால் நிபந்தனை இன்னும் தெளிவாகும். ஒரு வகுப்பில் மாணவரின் பெயரைச் சொன்னால் பிறந்தநாள் கிடைக்கும். ஆளுக்கு ஒரு பிறந்தநாள்தான். அது சார்பு. ஆனால் பிறந்தநாளைச் சொல்லி ஆளைக் கேட்டால், அதே நாளில் இரண்டு பேர் பிறந்திருக்கலாம், யாருமே பிறக்காமலும் இருக்கலாம். அது சார்பு இல்லை. இரண்டு பேருக்கு ஒரே விடை வரலாம். ஒருவருக்கு இரண்டு விடை வரக் கூடாது. பெரும்பாலானவர்கள் தடுமாறுகிற இடம் இது. ஒரு நிமிடம் நின்று யோசித்துவிட்டு மேலே போங்கள்.

இன்னொரு தடுமாற்றம், சார்பு என்றாலே சூத்திரம் என்று நினைப்பது. பேருந்து நடத்துநரிடம் இருக்கும் கட்டணப் பட்டியலில் எந்தச் சூத்திரமும் கிடையாது. ஏறிய நிறுத்தம், இறங்கும் நிறுத்தம், அதற்கு ஒரு தொகை. அதுவும் முழுமையான சார்புதான். சூத்திரம் கிடைத்தால் வசதி, அவ்வளவே.

எழுதும் முறை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சார்புக்கு ஒரு பெயரும் அடைப்புக்குறிக்குள் உள்ளீடும் எழுதும் வழக்கத்தை லியோனார்டு ஆய்லர் 1734-இல் தொடங்கிவைத்தார். நாம் கட்டணத்துக்கு 'க' என்றும் யூனிட்டுக்கு 'யூ' என்றும் வைத்துக்கொள்வோம். க(500) = 1130 என்றால், 500 யூனிட்டை உள்ளே கொடுத்தால் 1130 வெளியே வரும் என்று பொருள். க-வை 500-ஆல் பெருக்குவது அல்ல. இந்த ஒரு வரியைத் தவறாகப் படித்தே நல்ல பிள்ளைகள் பலர் இந்தப் பாடத்தில் பின்தங்கிவிடுகிறார்கள். எனக்கு அது ஆறவே ஆறாத வருத்தம்.

முதல் படி: எது எதைச் சார்ந்தது, எந்த அலகில்

சூத்திரத்துக்குப் பாய வேண்டாம். முதலில் ஒரு வாக்கியம் எழுதுங்கள்: "ரூபாயில் வாடகை, கிலோமீட்டரில் தூரத்தைச் சார்ந்தது." அலகு இல்லாமல் எழுதினால் அந்த வாக்கியம் அரைகுறை. நிமிடமா மணியா, லிட்டரா மில்லிலிட்டரா என்ற குழப்பத்தில்தான் பாதிக் கணக்குகள் கெட்டுப்போகின்றன.

சென்னை ஆட்டோவுக்கு அரசு 2013-இல் நிர்ணயித்த கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய். அதற்கு மேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய். இதை இரண்டு துண்டாக எழுத வேண்டும்:

தூரம் 1.8 வரை: வாடகை = 25
தூரம் 1.8-க்கு மேல்: வாடகை = 25 + 12 × (தூரம் − 1.8)

5 கிலோமீட்டருக்கு 25 + 12 × 3.2, அதாவது 63 ரூபாய் 40 காசு. இங்கே 12 என்ற எண்ணைக் கவனியுங்கள். ஒரு கிலோமீட்டர் கூடினால் வாடகை எவ்வளவு கூடும் என்று அது சொல்கிறது. இதற்குச் சாய்வு என்று பெயர். வரைந்து பார்த்தால் கோடு முதலில் படுத்திருக்கும், 1.8-இல் முழங்கை மாதிரி மடங்கி மேலே ஏறும். மடங்குகிறதே தவிர, எங்கும் அறுபடவில்லை.

இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை ஒன்றரை மடங்கு என்பதும் அதே ஆணையில் உண்டு. அப்படியென்றால் வாடகை, தூரத்தையும் நேரத்தையும் சேர்த்தே சார்ந்திருக்கிறது. ஒரு சார்புக்கு இரண்டு உள்ளீடு இருக்கலாம். தொடங்கும்போது ஒன்றை நிலையாக வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் மாற்றிப் பாருங்கள். அதுதான் எளிது.

இரண்டாம் படி: துண்டு துண்டாக எழுதுவது

இப்போது மின் கட்டணம். 2022 செப்டம்பர் 10-இல் வந்த விகிதத்தைப் பயன்படுத்துகிறேன், எண்கள் கைக்கு அடக்கமாக இருப்பதால். உங்கள் பில்லுக்கு மின் வாரியத்தின் இன்றைய பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு இணைப்புக்கு, இரண்டு மாதத்துக்கு:

100 வரை: க(யூ) = 0
101 முதல் 200 வரை: க(யூ) = 2.25 × (யூ − 100)
201 முதல் 400 வரை: க(யூ) = 225 + 4.50 × (யூ − 200)
401 முதல் 500 வரை: க(யூ) = 1125 + 6 × (யூ − 400)
501 முதல் 600 வரை: க(யூ) = 1950 + 8 × (யூ − 500)

ஒவ்வொரு வரியின் தொடக்க எண்ணும் எங்கிருந்து வருகிறது? முந்தைய வரியின் கடைசி விடையிலிருந்து. க(200) = 225, அடுத்த வரி 225-இல் தொடங்குகிறது. க(400) = 1125, அடுத்த வரி 1125-இல் தொடங்குகிறது. க(500) = 1725. ஆனால் அடுத்த வரி 1950-இல் தொடங்குகிறது! ஓர் இடத்தில் மட்டும் கணக்கு ஒட்டவில்லை.

காரணம் இருக்கிறது. 500-க்குள் நிற்பவருக்கு 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குப் பாதி விலைதான். 500-ஐத் தாண்டியவுடன் அந்தச் சலுகை போய், அந்த நூறு யூனிட்டுக்கும் 4.50 ஆகிறது. 225 ரூபாய் அங்கேதான் ஏறுகிறது. 501-க்குக் கட்டணம் 1958. பழைய விகிதத்தில் இதே இடத்தில் 101 முதல் 500 வரை எல்லாப் படிகளின் விலையும் சேர்ந்து ஏறியது, நிலைக்கட்டணமும் 20 ரூபாய் கூடியது. அதனால்தான் அந்த 656 ரூபாய் 60 காசு.

கிராஃப் தாளில் இதை வரையுங்கள். கிடையாக யூனிட், குத்தாக ரூபாய். 100 வரை தரையோடு ஒட்டிய கோடு, அப்புறம் 200-இலும் 400-இலும் மடங்கி மடங்கிச் செங்குத்தாகிக்கொண்டே போகும். 500-இல் பென்சிலை எடுத்து, மேலே வைத்து மறுபடி தொடங்க வேண்டியிருக்கும். ஆட்டோ கோட்டில் இருந்தது மடிப்பு, இது தாவல். இந்த வேறுபாட்டைக் கண் பார்த்துவிட்டால், தொடர்ச்சி என்ற சொல்லைப் பிற்பாடு மேல்வகுப்பில் கேட்கும்போது மிரட்சி வராது.

'யூ' என்ற இடத்தில் எதைப் போடலாம் என்பதற்கும் எல்லை உண்டு. பூச்சியத்துக்குக் கீழே போட முடியாது. இப்படி அனுமதிக்கப்பட்ட உள்ளீடுகளின் தொகுப்பு மதிப்பகம். உண்மையில் வெளியே வருகிற விடைகளின் தொகுப்பு வீச்சகம். நம் கட்டணச் சார்பின் வீச்சகத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது: இந்த விகிதத்தில் 1725-க்கும் 1958-க்கும் இடையே எந்த யூனிட்டுக்கும் தொகை கிடையாது. யாராவது 1800 ரூபாய் மின் கட்டணம் என்று காட்டினால், யூனிட் எவ்வளவு என்று தெரியாமலேயே, அதில் வேறு ஏதோ சேர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

மூன்றாம் படி: நீங்களே அளந்து ஒரு மாதிரி கட்டுவது

மேலே பார்த்த இரண்டும் யாரோ வகுத்த விதிகள். விதி எங்கும் எழுதப்படாத இடத்தில் நாமே கண்டுபிடிப்பதுதான் மாதிரி கட்டுவது. என் நோட்டிலிருந்து 2023 ஏப்ரல், மே மாதக் கணக்கைத் தருகிறேன். கணக்கெடுப்பவர் வந்துபோன நாள் பூச்சியம். அன்றைக்கு மீட்டரில் 14320. அதன் பிறகு காலை ஏழு மணிக்கு, தவறாமல் அதே நேரத்தில் பார்த்தது:

10-ஆம் நாள்: 14382 (ஓடியது 62)
20-ஆம் நாள்: 14443 (123)
30-ஆம் நாள்: 14506 (186)

அடுத்தடுத்த பத்து நாட்களின் வித்தியாசத்தை எடுத்தால் 62, 61, 63. ஏறக்குறைய சமம். வித்தியாசம் சமமாக வந்தால் அது நேர்கோடு என்று பிடித்துக்கொள்ளுங்கள். சாய்வு நாளுக்கு 6.2. ஆகவே:

ஓடிய யூனிட் = 6.2 × நாள்

60-ஆம் நாளுக்கு 372 யூனிட். கட்டணம் 225 + 4.50 × 172 = 999 ரூபாய். நிம்மதியான தொகை.

35-ஆம் நாள் 14537, கோடு அப்படியே போனது. அந்த வாரம் அக்னி நட்சத்திரம் தொடங்கியிருந்தது, ஏ.சி.யைப் போட்டோம். 40-ஆம் நாள் காலை 14601. ஐந்தே நாளில் 64 யூனிட். சாய்வு 6.2-இலிருந்து 12.8-க்குத் தாவிவிட்டது. பழைய மாதிரி பொய்யாகிவிடவில்லை. அது 35 நாள் வரைக்குமான மாதிரி. எந்த நிலைமையில் அளந்தோமோ அந்த நிலைமை மாறினால் மாதிரியையும் மாற்ற வேண்டும்:

35 நாள் வரை: யூ = 6.2 × நாள்
அதன் பிறகு: யூ = 217 + 12.8 × (நாள் − 35)

60-ஆம் நாளுக்கு இது 537 என்று சொல்கிறது. கட்டணம் 1950 + 8 × 37 = 2246 ரூபாய். 500-க்குள் நின்றிருந்தால் அதிகபட்சம் 1725. 37 யூனிட்டுக்காக 521 ரூபாய்; யூனிட்டுக்கு 14 ரூபாய்க்கு மேல். பட்டியலில் 8 ரூபாய் என்று எழுதியிருக்கும் யூனிட் அது!

என்ன செய்தோம் என்று கவனியுங்கள். நாளைக் கொடுத்து யூனிட்டை வாங்கினோம். அந்த யூனிட்டைக் கொடுத்து ரூபாயை வாங்கினோம். ஒரு சார்பின் விடையை அப்படியே அடுத்த சார்பின் வாயில் போடுவது. இதற்குச் சார்புகளின் சேர்க்கை என்று பெயர். வீட்டுக் கணக்கில் பெரும்பாலானவை இப்படிச் சங்கிலியாகத்தான் வரும். ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியாகச் செய்துகொண்டால் பயமே இருக்காது.

நான்காம் படி: திருப்பிக் கேட்பது

எத்தனை யூனிட்டுக்கு எத்தனை ரூபாய் என்று கேட்டோம். இனித் திருப்பிக் கேட்போம்: 60-ஆம் நாள் 500-இல் நிற்க வேண்டுமென்றால், மீதி 20 நாளும் நாளுக்கு எத்தனை யூனிட் ஓடலாம்? 40-ஆம் நாள் வரை 281 ஓடிவிட்டது. மீதி 219. அதை 20-ஆல் வகுத்தால் 10.95. விடையிலிருந்து உள்ளீட்டுக்குத் திரும்பிப் போவதுதான் நேர்மாறு. எல்லாச் சார்புக்கும் இது கிடைக்காது. பூச்சியம் ரூபாய் பில்லைக் காட்டி எத்தனை யூனிட் என்று கேட்டால் சொல்ல முடியாது. 3-ஆகவும் இருக்கலாம், 97-ஆகவும் இருக்கலாம்.

10.95 என்பது விளிம்பில் நடப்பது. கணக்கெடுக்க வருபவர் மூன்று நாள் தாமதமாக வந்தால் 33 யூனிட் கூடி, 500-ஐத் தாண்டிவிடும். எனவே குறியை 480-இல் வைத்தேன். மீதி 199, நாளுக்கு 9.95. இப்போது ஓடுவதில் நாளுக்கு 2.85 யூனிட் குறைய வேண்டும்.

எதில் குறைப்பது என்பதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. மின்னணு மீட்டரின் முகப்பில் ஒரு சிறு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்பது மீட்டரின் மேலேயே அச்சிட்டிருக்கும். என் மீட்டரில் 3200. வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, அளக்க வேண்டிய பொருளை மட்டும் ஓட விட்டு, ஒரு நிமிடத்தில் எத்தனை முறை சிமிட்டுகிறது என்று எண்ணுங்கள். 3200 சிமிட்டல் 1000 வாட் மணி என்பதால்:

வாட் = 18.75 × நிமிடத்துக்குச் சிமிட்டல்

கூடத்து மின்விசிறியை மட்டும் விட்டு எண்ணினேன். நான்கு. 75 வாட். விசிறியின் அட்டைப்பெட்டியில் என்ன எழுதியிருந்ததோ அதுவே வந்தது. இதைப் பார்த்த அன்று என் மகள் இன்னும் பத்து நிமிடம் மீட்டர்ப் பெட்டியை மூட விடவில்லை. மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி என்று ஒவ்வொன்றாகப் போடச் சொன்னாள். ஏ.சி. ஓடும்போது ஏறக்குறைய விநாடிக்கு ஒன்று. கம்ப்ரசர் விட்டு விட்டு ஓடுவதால் ஏ.சி.க்கு மட்டும் சிமிட்டலை நம்பாமல், ஒரு மணி நேர ரீடிங்கை எடுத்தேன்: 1.1 யூனிட். அப்படியென்றால் நாளுக்கு 2.85 குறைய, ஏ.சி. இரண்டரை மணி நேரம் குறைந்தால் ஏறக்குறைய சரியாகிவிடும். நாளுக்கு ஆறு மணி நேரம் ஓடியது, இனி மூன்றரை மணி நேரம். படுக்கும்போது போட்டு, அறை குளிர்ந்ததும் அணைக்கும்படி நேரம் வைத்தோம்.

எல்லாம் நேர்கோடு அல்ல

புதிதாகப் படிப்பவர்கள் எதைப் பார்த்தாலும் நேர்கோடு போடுவார்கள். பிறக்கும்போது 50 சென்டிமீட்டர் இருந்த குழந்தை ஒரு வயதில் ஏறக்குறைய 75 இருக்கும். ஆண்டுக்கு 25 என்று கோடு போட்டால் பத்து வயதில் மூன்று மீட்டர். எனவே கோட்டை நீட்டும் முன் மூன்றாவது, நான்காவது புள்ளியை அளந்து பார்ப்பது கட்டாயம்.

தோசையை எடுத்துக்கொள்ளுங்கள். 8 அங்குலத் தோசைக்கு ஒரு கரண்டி மாவு என்றால், அதே கனத்தில் 12 அங்குலத்துக்கு எவ்வளவு? அளவு ஒன்றரை மடங்குதானே என்று ஒன்றரைக் கரண்டி ஊற்றினால் கல்லில் ஓரம் வராது. மாவு பரவுவது பரப்பில். பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைச் சார்ந்தது. 144-ஐ 64-ஆல் வகுத்தால் 2.25. இரண்டே கால் கரண்டி வேண்டும். இது இருபடிச் சார்பு. அட்டவணையில் இதை அடையாளம் காண ஒரு வழி: 6, 8, 10, 12 அங்குலத்துக்கு வர்க்கம் 36, 64, 100, 144. வித்தியாசம் 28, 36, 44, சமமில்லை. அந்த வித்தியாசங்களின் வித்தியாசம் 8, 8. இரண்டாம் முறை சமமாக வந்தால் இருபடி.

மூன்றாவது வகை எனக்கு மிகப் பிடித்தது: பால் ஆறுவது. தயிருக்கு உறை ஊற்ற, காய்ச்சிய பால் 45 டிகிரி வாக்கில் வர வேண்டும். அறை 30 டிகிரி. அடுப்பிலிருந்து இறக்கிச் சற்று நேரத்தில் பால் 90 டிகிரி, இருபது நிமிடம் கழித்து 75 என்று வைத்துக்கொள்வோம். இருபது நிமிடத்துக்கு 15 டிகிரி, ஆகவே ஒரு மணி நேரத்தில் 45 என்று நேர்கோடு சொல்லும். அதை நம்பி உறை ஊற்றினால் தயிர் கெட்டுவிடும். அதே கோட்டை இன்னும் நீட்டினால் 100-ஆம் நிமிடம் பால் 15 டிகிரி ஆகிறது. வெளியே வைத்த பால் அறையைவிடக் குளிருமா?

பால் எவ்வளவு வேகமாக ஆறும் என்பது, அறையைவிட அது எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதைச் சார்ந்தது. இதை நியூட்டன் 1701-இல் எழுதினார். ஆகவே வெப்பநிலையைப் பார்க்காமல், அறையோடு உள்ள இடைவெளியைப் பாருங்கள். முதலில் 60. இருபது நிமிடத்தில் 45. அதாவது முக்கால் பங்காகியது. ஒவ்வொரு இருபது நிமிடத்துக்கும் அதே முக்கால்:

40-ஆம் நிமிடம்: இடைவெளி 33.75, பால் 64 டிகிரி
60: இடைவெளி 25.3, பால் 55
80: இடைவெளி 19, பால் 49
100: இடைவெளி 14.2, பால் 44

உறை ஊற்ற ஒரு மணி நேரம் போதாது, ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் ஆகும். பெரியவர்கள் சுண்டு விரலை வைத்துப் பார்த்தே இதைச் சரியாகச் சொல்லிவிடுவார்கள். அந்த விரலுக்குள் இருப்பது இந்த அட்டவணைதான். உங்கள் பாத்திரத்துக்கு முக்காலுக்குப் பதில் வேறு எண் வரும். இரண்டு முறை அளந்தால் அந்த எண் கிடைத்துவிடும்.

இங்கே வித்தியாசம் சமமில்லை, விகிதம் சமம். விகிதம் சமமாக இருந்தால் அது அடுக்குக்குறிச் சார்பு. கூட்டு வட்டியும் இதே குடும்பம். அங்கே எண் ஒன்றைவிடப் பெரியது, அவ்வளவுதான் வேறுபாடு. ஆண்டுக்கு 8 சதவீதம் என்றால் ஒவ்வொரு ஆண்டும் 1.08 மடங்கு, ஒன்பது ஆண்டில் பணம் இரட்டிப்பு. 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் இரட்டிப்பாகும் ஆண்டுகள் தோராயமாகக் கிடைக்கும் என்பது இதிலிருந்து வந்த சுருக்கு வழி. கடன் வாங்கும் முன் ஒரு முறை போட்டுப் பாருங்கள். 24 சதவீதக் கூட்டு வட்டியில் கட்டாமல் விட்டால் மூன்றே கால் ஆண்டுக்குள் கடன் இரண்டு மடங்கு.

ஆக, கையில் ஒரு அட்டவணை வந்தால் செய்ய வேண்டியது இவ்வளவுதான். உள்ளீடு சம இடைவெளியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் கீழே சொல்லும் எந்தச் சோதனையும் செல்லாது. பிறகு அடுத்தடுத்த விடைகளைக் கழியுங்கள். சமமாக வந்தால் நேர்கோடு. வராவிட்டால் வித்தியாசங்களையே ஒரு முறை கழியுங்கள். அதுவும் வராவிட்டால் வகுத்துப் பாருங்கள். ஓர் எண்ணில் ஓரிரண்டு கூடக்குறைய வருவது அளவையின் இயல்பு. 62, 61, 63 என்று என் மீட்டரில் வந்ததுபோல. ஒரே ஒரு வரி மட்டும் திடீரென்று எகிறினால், அங்கே விதி மாறியிருக்கிறதா, நீங்கள் எழுதியது தப்பா என்று பாருங்கள். எதிலும் அடங்காவிட்டால் வருத்தப்பட வேண்டாம். அந்த அட்டவணையும் கிராஃபும் அப்படியே ஒரு சார்புதான், அதைப் பார்த்தே பயன்படுத்தலாம்.

கடைசிப் படி: சொன்னது நடந்ததா

மாதிரி கட்டியவர்கள் பலர் இங்கே விட்டுவிடுவார்கள். கணித்ததை எழுதி வைத்து, நடந்ததோடு ஒப்பிட வேண்டும். பென்சிலில் கணிப்பு, பேனாவில் ரீடிங் என்று நான் ஒரே தாளில் வைத்துக்கொள்வேன்.

மே மாத நோட்டுக்கு வருகிறேன். 50-ஆம் நாள் 382 இருக்க வேண்டும் என்று மாதிரி சொன்னது: 281 + 9.95 × 10, அதாவது 380.5, அதை ஒன்றரை யூனிட் தாராளமாகவே வைத்திருந்தேன். உண்மையில் ஓடியிருந்தது 386. விருந்தாளிகள் வந்த ஒரு நாள் பகலிலும் ஏ.சி. ஓடியிருந்தது. நோட்டில் அந்த நாளுக்கு நேரே குறித்துக்கொண்டேன். 60-ஆம் நாள் யாரும் கணக்கெடுக்க வரவில்லை. 61-ஆம் நாளும் வரவில்லை. 62-ஆம் நாள் காலை வந்தார். மாதிரிப்படி அன்றைக்கு 281 + 9.95 × 22, ஏறக்குறைய 500. மீட்டரில் 14817, அதாவது 497. கட்டணம் 1125 + 6 × 97 = 1707 ரூபாய். இடையில் இரண்டு இரவு கோடை மழை பெய்தது, அந்த இரண்டு நாளும் ஏ.சி. போடவில்லை. அந்த மழை இல்லாமல் போயிருந்தால் ஏறக்குறைய 505 ஆகியிருக்கும். தாவலுக்கு மேலே நின்றிருப்போம்.

அடுத்த தடவைக்குக் குறியை 470-இல் வைத்து, கணக்கெடுப்பு ஐந்து நாள் தள்ளிப்போகலாம் என்றே எடுத்துக்கொண்டேன். புதுத் தாளில் பூச்சியத்துக்கு நேரே 14817 என்று எழுதியிருக்கிறது.